அடிபட்ட மூளை, அலையும் கால்கள்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் சென்றால் திருப்பாச்சூர் வருகிறது. பாசு என்றால் மூங்கில். ஒரு காலத்தில் மூங்கில் காடாக இருந்த இடம், ஆகவே பாசூர் என்று ஊரார் சொல்வார்கள். இன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே சாலையோரம் நின்று பாருங்கள். கண்ணில் படுவன இருசக்கர வண்டிகளும் கம்பெனிப் பேருந்துகளும்தான். காக்களூர் தொழிற்பேட்டைக்கும், இன்னும் தொலைவில் கும்மிடிப்பூண்டி, திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கும் முதல் ஷிப்டுக்குச் செல்வோர் அவர்கள். இரவு ஷிப்டு முடித்துக் கண் சொருக எதிர்த்திசையில் வீடு திரும்புவோரும் உண்டு.

அப்படித் திரும்பும் ஒருவரின் வண்டியை லாரி ஒன்று உரசிவிட்டுப் போகிறது. அவர் தலை தார்ச்சாலையில் மோதுகிறது. மோதல் நடந்து முடிய ஆகும் நேரம் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதன் விளைவோடு வாழவேண்டிய காலமோ மாதங்கள், பல சமயம் ஆண்டுகள். அந்தச் சிறு நொடியில் நடப்பதை இயற்பியல் விளக்கிவிடும். பிறகு வரும் நீண்ட காலத்தில், மருத்துவமனை, காவல் நிலையம், ஆலை, காப்பீட்டு அலுவலகம், நீதிமன்றம் என்று பல இடங்கள் ஒரே மனிதருக்காக ஒன்றுசேர்ந்து இயங்க வேண்டியிருக்கிறது. அவை ஒன்றுசேர்வது எப்படி, சேராமல் போவது ஏன்? இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சற்றுப் பொறுங்கள்; அதற்கும் வருவோம்.

ஆயிரத்தில் ஒரு வினாடி

முதலில் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். இது மெதுவான வேகம் என்றே எல்லாரும் நினைக்கிறோம். எவ்வளவு உயரத்திலிருந்து விழும் பொருள் இந்த வேகத்தை அடையும்? வேகத்தின் வர்க்கம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கியதன் இரு மடங்கு என்பது உங்கள் பாடத்தில் உள்ளதுதான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் உயரம் 5 மீட்டர் என்று விடை வரும். அதாவது, அந்த 'மெதுவான' வேகத்தில் தலை நேராக மோதுவதும், முதல் மாடியின் மேல்தளத்திலிருந்து தலைகீழாக விழுவதும் ஏறத்தாழ ஒன்றே.

மோதும் தலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து அமைகிறது. வெறுந்தலை தோலும் எலும்புமாக 5 மில்லிமீட்டர் அமுங்கி நிற்பதாகக் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை அந்தத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும். 100-ஐ 0.01 ஆல் வகுக்க 10,000. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1,000 மடங்கு! தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கு 25 மில்லிமீட்டர் நசுங்கி இடம் கொடுத்தால் இதுவே 200 மடங்காகக் குறைகிறது. ஆகவே ஹெல்மெட்டில் உயிர் காப்பது மேலே பளபளக்கும் ஓடு மட்டுமன்று. உள்ளே நசுங்கித் தன்னை அழித்துக்கொள்ளும் அந்த வெள்ளை அடுக்குமாகும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மீண்டும் அணியக் கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? நம் நாட்டில் இதற்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 4151. உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை முதல் தமிழகத்தில் பின்னால் அமர்பவருக்கும் இது கட்டாயம். கொக்கியை மாட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்கள் கவசத்தைச் சாலைக்கு இரவல் கொடுப்பவர்கள்.

இனி மண்டையோட்டின் உள்ளே செல்வோம். மூளையின் எடை சுமார் 1.4 கிலோகிராம். அது எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மூளைத் தண்டுவட நீரில் மிதக்கிறது. ஆர்க்கிமிடீஸ் கூறியபடி மிதப்பு விசை மேல்நோக்கித் தாங்குவதால், உள்ளே அதன் தோற்ற எடை ஏறத்தாழ 50 கிராம்தான். இயல்பான நாளில் இது அருமையான ஏற்பாடு. தலை திடீரென நிற்கும்போதோ இதுவே தொல்லையாகிறது. எலும்புக்கூடு நின்றுவிட்டது, மூளை நிற்கவில்லை.

வீட்டிலேயே இதனைச் சோதிக்கலாம். ஒரு பச்சை முட்டையைத் தட்டில் வைத்துப் பம்பரம்போல் சுழற்றுங்கள். விரலால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி உடனே விரலை எடுங்கள். நின்ற முட்டை மெல்ல மீண்டும் சுழலத் தொடங்கும். வேகவைத்த முட்டையோ நின்றது நின்றதுதான். பச்சை முட்டையின் ஓட்டைத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள். உள்ளிருந்த கரு நிலைமத்தால் சுழன்றுகொண்டே இருந்தது. அடிபட்ட தலையிலும் இதுவே நடக்கிறது. மூளை முன்பக்க எலும்பில் மோதி, திரும்பிப் பின்பக்கமும் மோதலாம். ஆகவே அடி ஒரு பக்கம், காயம் எதிர்ப்பக்கம் என்பது வியப்பன்று. தலை சுழன்றபடி நின்றால் இன்னொரு கேடு: மூளையின் வெவ்வேறு அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து, அவற்றை இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இவ்வகைக் காயத்தில் சி.டி. ஸ்கேன் படம் பல வேளைகளில் ஒன்றுமில்லாததுபோலவே தோன்றும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். கட்டுரையின் பின்பாதிக்கு இது தேவை.

அடி விழுந்த பிறகும் ஆபத்து நிற்பதில்லை. மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே இரத்தம் கசிந்தாலோ மூளை வீங்கினாலோ விரிய இடமில்லை, அழுத்தம் ஏறும், இரத்தம் உள்ளே வருவது தடைப்படும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. அது சில நிமிடங்கள் தடைப்பட்டாலே அணுக்கள் மடியத் தொடங்கும். முதல் அடியை யாராலும் திரும்பப் பெற முடியாது. மருத்துவமனை போராடுவதெல்லாம் இந்த இரண்டாம் அடியோடுதான்.

கைமாறும்போது கலையாத எண்

தமிழ்நாட்டில் இந்த முதற்கட்டம் நன்றாகவே இணைக்கப்பட்டிருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் சேவை இங்கே 2008 செப்டம்பரில் தொடங்கியது. விபத்து, அவசர சிகிச்சைக்கான மாநிலத் திட்டம் 2017-இல் வந்தது. நோயாளி வந்து சேர்வதற்கு முன்பே ஆம்புலன்ஸிலிருந்து மருத்துவமனைக்குத் தகவல் போகவேண்டும். வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அவசரத்தின் அளவுக்கேற்பப் பிரிக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. தொடங்கியபோது அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று அது பார்ப்பதில்லை. வடமாநிலத் தொழிலாளர் நிறைந்த கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இந்த ஒரு வரிக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். சாலையில் கிடப்பவரைத் தூக்கிச் செல்பவருக்குக் காவல் நிலையமோ நீதிமன்றமோ தொல்லை தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் வகுத்த நெறிகள், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றன.

இங்கே ஓர் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1974-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள், தலைக்காயம் பட்டவரின் உணர்வு நிலையை அளக்க ஓர் எளிய முறையை வெளியிட்டனர். கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கை கால் அசைவுக்கு 6 வரை மதிப்பெண். கூட்டினால் முழு விழிப்புள்ளவருக்கு 15. எதற்கும் அசையாதவருக்கு 3. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆம்புலன்ஸ் பணியாளர் திருப்பாச்சூரில் '13' என்று குறிக்கிறார். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (இக்கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று) அதே முறையில் '10' என்று குறிக்கிறார்கள். 13 பத்தாகியிருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம்! சென்னைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய அந்த இரண்டு எண்களும் உதவுகின்றன. 'கொஞ்சம் மயக்கமாக இருந்தார்' என்ற சொற்றொடர் கைமாறினால் இவ்வாறு ஒப்பிட முடியாது. ஒரே அளவுகோலை எல்லாரும் பயன்படுத்தியதால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தூரமும் மூன்று நிறுவனங்களும் தாண்டி அந்தச் செய்தி குலையாமல் சென்றது.

சென்னையில் இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய இடம் அதுவே. அதற்கு ஓராண்டுக்கு முன் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். மூளைக்கு அறுவை செய்வதில் நம் மாநிலம் நாட்டுக்கே முன்னோடி.

வீடு திரும்பிய பின்

நம் கதைக்கு வருவோம். அடிபட்டவர் கற்பனை மனிதர். பெயர் வேண்டாம், 'அண்ணன்' என்றே அழைப்போம். வயது 24. காக்களூரில் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் அம்மாவும் பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கையும். மூன்று வாரம் கழித்து அண்ணன் நடந்தே வீடு வருகிறார். தலையில் தையல் ஆறிவிட்டது. "சாமி புண்ணியத்துல தப்பிச்சுட்டான்" என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது.

பத்து நாளில் அம்மாவுக்கு வேறு ஏதோ புலப்படுகிறது. காலையில் சொன்னது மாலையில் அவருக்கு நினைவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எரிந்துவிழுகிறார். முற்பகலிலேயே சோர்ந்து படுத்துவிடுகிறார். கடைக்கு மூன்று பொருள் வாங்கப் போனால் ஒன்றோடு திரும்புகிறார். ஸ்கேன் படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்? அறுந்த நரம்பிழைகள் படத்தில் தெரியவில்லை என்று முன்பு பார்த்தோமே, அவைதான் இவை. வலிப்பும் வரக்கூடும். சுழலும் இயந்திரத்தின் முன் நிற்கும் வேலைக்கு இவரை உடனே அனுப்புவது இவருக்கும் ஆபத்து, அருகில் நிற்பவருக்கும் ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் காயத்தை உலகம் அறிந்துகொண்டது ஒரு பழைய நிகழ்ச்சியால். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி ஃபினியஸ் கேஜின் கன்னத்தில் புகுந்து, உச்சந்தலை வழியே வெளியேறியது ஓர் இரும்புக் கம்பி. நீளம் ஒரு மீட்டருக்கு மேல். எடை 6 கிலோகிராம். ஆள் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் பொறுமையும் பண்பும் மாறிவிட்டன. பழைய முதலாளிகள் வேலை தர மறுத்தனர். இதுவரை பல புத்தகங்களில் உண்டு. அவ்வளவாகச் சொல்லப்படாத பகுதியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேஜ் பின்னர் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் சில ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் அதே நேரம், அதே வழி, அதே வேலை. அந்த ஒழுங்கான வாழ்க்கையே அவரைப் பெருமளவு மீட்டிருக்கலாம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். ஏற்ற வேலையும் ஒழுங்கான நாளும் மருந்தைப் போலவே வேலை செய்யும் என்றால், அவற்றை ஏற்பாடு செய்பவர் யார்?

அண்ணனின் குடும்பம் ஏறவேண்டிய வாசல்களைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளி என்றால், வேலையால் நேர்ந்த காயத்துக்கு ஊதியத்தில் 90 சதவீதம் வரை தற்காலிக இயலாமைத் தொகை உண்டு. வேலைக்குப் போகும், வரும் வழியில் நேரும் விபத்தும் 2010-இல் வந்த திருத்தத்தால் இதில் சேர்ந்தது. ஆனால் கம்பெனி விபத்து அறிக்கை தரவேண்டும், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தரவேண்டும். ஒப்பந்தக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவதும், கம்பெனி ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுவதும் தொழிற்பேட்டைகளில் அறியாத செய்தியன்று. லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் செல்லவேண்டும். அதற்குக் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை வேண்டும், மருத்துவமனைக் குறிப்புகள் வேண்டும், எத்தனை சதவீதம் இயலாமை என்ற மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் மருத்துவக் குழுவையும் அணுகவேண்டும். குழு, நினைவாற்றல் குறைந்தது என்பதற்குச் சோதனை முடிவு கேட்கும். அச்சோதனை செய்யும் உளவியலாளர் இருப்பதோ பெரிய மருத்துவமனையில். அங்கே கேட்பார்கள்: பழைய சீட்டு எங்கே?

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை ஏழுதான். இது பெரிய முன்னேற்றம். எனினும் அந்த 21-இல் 'விபத்தால் நேர்ந்த மூளைக் காயம்' என்று தனியே ஒரு வகை இல்லை. கை கால் விழுந்திருந்தால் இயக்கக் குறைபாடு. பேச்சுப் போயிருந்தால் பேச்சுக் குறைபாடு. அண்ணனைப்போல் நினைவும் பொறுமையும் போனவர் எந்தப் பெட்டியில் அடங்குவார் என்பது வாதத்துக்குரியது. அமெரிக்கா 1990-இலேயே தன் கல்விச் சட்டத்தில் இதனைத் தனி வகையாகச் சேர்த்தது. நம் பட்டியலிலும் இது சேரவேண்டும் என்பது என் கருத்து. பெயர் இல்லாத ஒன்றைக் கணக்கெடுக்க முடியாது. கணக்கில் வராததற்கு நிதி ஒதுக்குவார் இல்லை.

இத்தனை வாசல்களிலும் தேதிகளை நினைவு வைத்து, சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, வரிசையில் பொறுமையாக நின்று, முறையாகப் பேச வேண்டியவர் யார்? அண்ணன். நினைவு, திட்டமிடல், பொறுமை இம்மூன்றும் எந்த உறுப்பின் வேலை? மூளையின் வேலை. கால் முறிந்தவரிடம், சிகிச்சை மாடியில் இருக்கிறது, ஓடி வா என்று சொன்னால் சிரிப்போம். மூளையில் அடிபட்டவரிடம் நாம் நாள்தோறும் அதையே சொல்கிறோம்.

ஸ்கேன் அறையில் தடவும் பசை

இயற்பியலுக்கு இங்கேதான் வேலை. வயிற்றை ஸ்கேன் செய்யும்போது முதலில் குளிர்ந்த பசை ஒன்றைத் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எதற்கு? செவியுணரா ஒலியலைகளைக் கருவி உடலுக்குள் அனுப்புகிறது. கருவிக்கும் தோலுக்கும் இடையே தலைமுடி அளவு காற்று இருந்தாலும் போதும், காற்றும் தசையும் சந்திக்கும் அந்த எல்லையில் ஒலியாற்றலில் 99.9 சதவீதம் திரும்பிவிடும். காற்றின் ஒலிமறுப்பும் தசையின் ஒலிமறுப்பும் அவ்வளவு வேறுபட்டவை. கருவி பழுதில்லை, உடலும் பழுதில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் இழப்பு. தசையைப் போன்ற ஒலிமறுப்புள்ள பசை அந்த இடைவெளியை நிரப்பியதும் அலை உள்ளே செல்கிறது. பசை நோயைக் காண்பதுமில்லை, தீர்ப்பதுமில்லை. அது இல்லாவிட்டால் விலை உயர்ந்த கருவியும் குருடு.

அலுவலகங்களும் ஊடகங்கள் போன்றவையே. ஒவ்வொன்றுக்கும் தன் மொழி, தன் படிவம், தன் வேலை நேரம். ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேண்டிய செய்தியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தவறுவதாகக் கொள்ளுங்கள். (இது அளந்து கண்ட எண்ணன்று, கணக்குக்காகக் கொண்டது.) ஏழு கைமாற்றங்களுக்குப் பின் மிஞ்சுவது 0.9-ஐ ஏழு முறை பெருக்கிய அளவு, அதாவது 0.48. ஒவ்வோர் அலுவலகமும் 'நாங்கள் 90 சதவீதம் சரியாகச் செய்தோம்' என்று உண்மையாகவே சொல்லலாம். அண்ணனுக்குக் கிடைப்பதோ பாதிக்கும் குறைவு. ஆகவே இன்னோர் அலுவலகம் திறப்பதால் மட்டும் நிலைமை சீராகாது. எல்லை ஒன்று கூடினாலும் கூடலாம். எல்லைகளுக்கு இடையே பசை வேண்டும். மேல்நாடுகளில் மூளைக் காயம் பட்டவருக்கு இவ்வேலைக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்துவதுண்டு. அவர் மருத்துவர் அல்லர், வழக்கறிஞரும் அல்லர். மருத்துவமனை முதல் வேலைக்குத் திரும்பும்வரை ஒரே குடும்பத்தோடு தொடர்ந்து நிற்பவர், எல்லா மொழியும் தெரிந்தவர்.

நம் பக்கத்தில் இதற்கு வேர் இல்லாமல் இல்லை. வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்ட் குழுவில், தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர், குடும்பத்தார் எல்லாரும் ஒரு நோயாளிக்காக ஒன்றுகூடித் திட்டமிடுவது இத்துறையின் வழக்கம். திருவள்ளூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலிலேயே போகலாம். சென்னை கலைஞர் கருணாநிதி நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

பசை என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 'உரிமைகள்' திட்டம். உலக வங்கி 2022-இல் இதற்குக் கடன் ஒப்புதல் தந்தது. இதன்கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை முதலியவை ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும், களப்பணியாளர் வீடு தேடிச் சென்று தேவையறிந்து இணைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல ஏற்பாடு. ஆனால் இவ்வகை மையத்துக்கு அண்ணனை அனுப்ப வேண்டும் என்று மருத்துவமனை அவரை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே யாராவது எழுதித் தரவேண்டும். காவல் நிலையமும் தீர்ப்பாயமும் ஈ.எஸ்.ஐ.யும் இந்தக் கூரைக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றுக்கும் இதற்கும் இடையே இன்னும் காற்றுதான்.

தங்கையின் நோட்டு

அதுவரை, நடைமுறையில், பசையாக இருப்பவர் பெரும்பாலும் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் பொழுது உள்ள ஒருவர். பல வீடுகளில் அது உங்களைப் போன்ற மாணவர்தான். அண்ணனின் தங்கை செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒரு நீளமான நோட்டு வாங்கவேண்டும். முதல் பக்கத்தில் விபத்து நடந்த தேதி, நேரம், இடம், ஆம்புலன்ஸ் வந்த நேரம், ஒவ்வொரு மருத்துவமனையிலும் சேர்ந்த தேதியும் நோயாளி எண்ணும், அந்த மூன்றிலிருந்து பதினைந்துக்குள்ளான மதிப்பெண்கள், முதல் தகவல் அறிக்கையின் எண், ஈ.எஸ்.ஐ. எண். எந்த வாசலில் கேட்டாலும் இந்த ஒரு பக்கத்தைக் காட்டலாம். அடுத்து நாட்குறிப்பு. 'அண்ணன் சரியில்லை' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு நேரம் தொடர்ந்து வேலை செய்தார், எதை மறந்தார், எதற்குக் கோபம் வந்தது, தலைவலி எப்போது என்று அளந்து எழுதவேண்டும். ஆய்வகக் குறிப்பேட்டில் 'ஊசல் வேகமாக ஆடியது' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது; 20 அலைவுக்கு எத்தனை வினாடி என்று எழுதினால்தானே கிடைக்கும்? ஸ்கேன் படம் காட்டாததை மருத்துவக் குழுவுக்குக் காட்ட வல்லது இந்த நாட்குறிப்பே. எல்லாச் சீட்டுகளின் அசலையும் வீட்டில் வைத்து நகலையே கொடுக்கவேண்டும். வழக்கு நடத்தப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தரும். 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள், மாற்றுத்திறனாளிகளோடு ஆலைத் தொழிலாளரையும் பெயர் சொல்லியே இதில் சேர்த்திருக்கிறது.

வீட்டுக்குள்ளும் சிறிது பொறியியல் வேண்டும். மருந்து நேரத்துக்குச் செல்போன் மணி. கதவுக்கு உட்புறம் அன்றைய மூன்று வேலைகளை எழுதிய பலகை. சாவிக்கு ஒரே ஆணி. ஒருவர் பேசி முடித்த பின் அடுத்தவர் பேசுவது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவது. வேலைக்குத் திரும்புவதும் படிப்படியாகவே இருக்கவேண்டும்: முதலில் அரை நாள், பகல் ஷிப்டு, இயந்திரமில்லாத பிரிவு. மருத்துவர் இதனைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கம்பெனியில் கேட்பது எளிது. வாய்வார்த்தையாகக் கேட்டால் கைமாற்றத்தில் கரைந்துவிடும்.

அடிபட்டவர் மாணவராகவே இருந்தால்? கபடிக் களத்திலும், மாந்தோப்பிலும், அப்பாவின் வண்டியில் பின்னால் அமர்ந்தும் மாணவர் தலையில் அடிபடுவதுண்டு. தலையில் அடிபட்டபின் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். சரியானவுடன் மறுநாளே விளையாடப் போகக் கூடாது. முதல் காயம் ஆறாத மூளைக்கு இரண்டாவது அடி மிகவும் கொடியது. பள்ளிக்குத் திரும்பும் மாணவர் முன்போல் படிக்க முடியாமல் திணறினால் அதனைச் சோம்பல் என்று ஆசிரியர் நினைப்பது இயல்பு. அவருக்கு யாரும் சொல்லவில்லை. பெற்றோர் மருத்துவக் குறிப்பின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்தாலே பாதித் துன்பம் தீரும். பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவருக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் முதலிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் அளிக்கிறது. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்று கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம். ஆகையால் மார்ச்சு மாதத் தேர்வுக்கு ஜூன் மாதமே அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.